ஏழு தாளிலும் பன்னிரண்டு

சுடர்விழி போராடி வாங்கியவற்றை வரிசையாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவளுடைய அக்கா செந்தாமரையைத்தான் கேட்க வேண்டும். தேதி தப்பாமல் சொல்வாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் முறை முப்பத்தொன்று எடுத்துத் தோற்று, மறுதேர்வில் எழுபத்தெட்டு எடுத்தது. நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் பிழைத்த மேலத்திட்டுத் தெருவிலிருந்து ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கிய முதல் பெண் ஆனது. வீட்டில் ஒரு வாத்தியம்கூட இல்லாமல் பியானோவில் ஐந்தாம் கிரேடு தேறியது. ஆதாரில் ஓர் எழுத்தும் சான்றிதழில் வேறோர் எழுத்துமாக இருந்ததால் இரண்டு தடவை திரும்பிப்போன பாஸ்போர்ட்டை மூன்றாம் தடவை கையில் பெற்றது. கிண்டியில் அரை நாள் வரிசையில் நின்று மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு, 2024 ஜூலை எட்டாம் தேதி, திங்கட்கிழமை, தான்சானியாவுக்கு விமானம் ஏறியது.

அங்கே அவளுக்குக் கிடைத்த வேலை இதுதான். தஞ்சாவூரில் இருக்கும் ஒரு சிறிய மிஷன் சங்கம் தான்சானியாவின் மலையடிவார ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரி நடத்துகிறது. மூன்று தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஊழியத்தில் இருக்கின்றன. மூன்று வீட்டிலும் சேர்த்து ஏழு பிள்ளைகள். பக்கத்துப் பள்ளிக்கூடம் போக நாலு மணி நேரம் ஜீப்பில் குலுங்க வேண்டும். அதனால் அந்தப் பிள்ளைகளுக்குக் காலையில் பாடமும் பிற்பகலில் பாட்டும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்க இங்கிருந்தே ஓர் ஆசிரியையை அனுப்புகிறார்கள். முதல் மூன்று மாதம் தற்காலிகம். அதுவரை மதிப்பெண் அட்டையில் நிலையத்தின் பொறுப்பாளர் வசந்தகுமார் ஐயாவே கையெழுத்துப் போடுவார். பருவத் தேர்வின் தாள்கள் ஸ்கேன் ஆகித் தஞ்சாவூருக்கு வரும். அவை திருப்தியாக இருந்தால் மூன்று வருடத்துக்கு அவள்தான் ஆசிரியை. இல்லையென்றால் திரும்பும் டிக்கெட்.

இந்த நிபந்தனையைச் செந்தாமரை இரண்டு தடவை படித்து, மடித்து, பைபிளுக்குள் வைத்திருந்தாள்.

செந்தாமரைக்கு நாற்பத்தொரு வயது. எட்டாவது வரை படித்தவள். அப்பா தங்கையன் இறந்தபோது சுடர்விழிக்குப் பதினொன்று. அன்றிலிருந்து தங்கச்சிக்குத் தகப்பனும் அவளே. சீர்காழிக்குக் கிழக்கே பதினான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடவு பிடிக்கிறாள். அந்தப் பக்கத்தில் நடவு மா கணக்கில்தான் பேசப்படும். பன்னிரண்டு அடி நீளக் கோல் ஒன்று. அந்தக் கோலால் நீளம் ஒரு கோல், அகலம் ஒரு கோல் என்றால் அது ஒரு குழி. நூறு குழி ஒரு மா. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். நடுவதற்கு முன்பு செந்தாமரை தானே கோலைப் போட்டு அளந்து, சிவப்பு அட்டை நோட்டில் எழுதி, தேதி போட்டுவிட்டுத்தான் சேற்றில் இறங்குவாள். அவள் அளந்ததை எந்த மிராசுதாரரும் மறுபடி அளந்ததில்லை.

சுடர்விழி கணக்கில் தோற்ற வருடம், செந்தாமரை அவளை வரப்புக்குக் கூட்டிப்போய்க் கோலைக் கையில் கொடுத்தாள். முப்பத்தாறு அடி என்றால் மூன்று கோல். நாற்பத்தெட்டு அடி என்றால் நாலு கோல். மூந்நாலு பன்னிரண்டு. காலால் நடந்து படித்த கணக்கு மறக்கவில்லை. எழுபத்தெட்டு அப்படி வந்ததுதான்.

தான்சானியாவுக்குப் போய் மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் முதல் தேதி சுடர்விழி போன் செய்தாள்.

"அக்கா, புஸ்தகப் பெட்டி இன்னும் துறைமுகத்துலயே கெடக்குதாம். மாசக் கடைசிக்குள்ள வந்தாலே பெருசுங்கறாங்க."

"அதுவரைக்கும் புள்ளைங்களுக்கு என்னதான் சொல்லித் தர்றே?"

"பாட்டு நல்லாப் போவுது. இங்கிலீஷும் தமிழும் கையில இருக்கறத வெச்சு ஓட்டறேன். கணக்குதான் திண்டாட்டம். பரப்பளவு ஆரம்பிக்கணும். எனக்கு எழுதிக் குடுத்தியே, அந்த மாதிரி கொஞ்சம் கணக்கு எழுதி போட்டோ புடிச்சு அனுப்பேன்."

"நான் எட்டாவதுடி."

"உன் கணக்குலதான் நான் பாஸ் பண்ணேன்."

போனை வைத்த பிறகு செந்தாமரைக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். ஆகஸ்ட் மூன்றிலிருந்து பத்தொன்பது வரை, நாற்றங்கால் வேலை முடிந்து வந்து, விளக்கடியில் உட்கார்ந்து நாற்பது கணக்கு எழுதினாள். முதல் பக்கத்தில் கோல் பன்னிரண்டு அடி என்று எழுதி, நீளத்தையும் அகலத்தையும் கோலால் வகுத்துப் பெருக்கும் வழியைப் படம் போட்டுக் காட்டினாள். அடுத்த பக்கங்களில் கணக்கும் அதன் கீழே விடையும். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தேதி. பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினாள்.

அங்கே பிள்ளைகள் மூங்கில் வெட்டிப் பன்னிரண்டு அடிக் கோல் செய்துகொண்டார்கள். ஆஸ்பத்திரி முற்றம், சோளக்கொல்லை, கோழிக் கூண்டு வரைக்கும் அளந்து தள்ளினார்கள். வசந்தகுமார் ஐயாவின் மகள் பூமிகா, பதினொரு வயதுக்காரி, தன்னைப்போல மூன்று பங்கு நீளமுள்ள மூங்கிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும் படம் வந்தது. செந்தாமரை அதை நடவுப் பெண்கள் பதினான்கு பேருக்கும் காட்டினாள். சிலருக்கு இரண்டு தடவை.

ஆகஸ்ட் இருபத்தெட்டில் புத்தகங்கள் வந்தன. வசந்தகுமார் ஐயா வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் பருவத் தேர்வை இரண்டு வாரம் முன்னால் தள்ளி, செப்டம்பர் பதினெட்டிலேயே வைத்துவிட்டார்கள். பரப்பளவுப் பாடத்தைப் புத்தக முறையில் மறுபடி நடத்தச் சுடர்விழிக்கு நாள் போதவில்லை.

செப்டம்பர் இருபத்துநாலு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்தது. சுடர்விழியின் குரல் தணிந்திருந்தது.

"அக்கா, வேலையா இருக்கியா?"

"சொல்லு பாப்பா. ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. தஞ்சாவூர்லேருந்து கணக்குத் தாள் திருத்தி வந்திருச்சு. பரப்பளவு ஆறு கேள்வி. ஏழு பேருக்கும் ஆறும் சுழி. ஏழு பேரும் ஒரே மாதிரி தப்பா எழுதியிருக்காங்களாம். புள்ளைங்க பாத்து எழுதிச்சுங்களா, இல்ல நானே விடைய சொல்லிக் குடுத்தனான்னு கேட்டு லெட்டர் வந்திருக்கு."

"என்னா விடை?"

"முதல் கணக்குக்குப் பன்னெண்டு."

"கேள்வி?"

"முப்பத்தாறு அடி நீளம், நாப்பத்தெட்டு அடி அகலம். பரப்பளவு காண்க."

"சரியாத்தானேடி போட்டிருக்குங்க."

"அக்கா, அவங்க கேட்டது சதுர அடி. ஆயிரத்து எழுநூத்து இருபத்தெட்டு வரணும்."

செந்தாமரை கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தாள். நாற்பது கணக்கும் கண் முன்னால் வந்து நின்றன. ஒன்றில்கூட விடைக்குப் பக்கத்தில் குழி என்று அவள் எழுதியிருக்கவில்லை. பன்னிரண்டு என்றால் அந்தப் பக்கத்தில் யாரும் என்ன பன்னிரண்டு என்று கேட்க மாட்டார்கள்.

"குழிக் கணக்குன்னு நீ எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே?"

"எழுதினேன். தாள்ல குழிங்கற வார்த்தையே இல்லையே. மாட்டிக்கிட்டப்புறம் சொல்ற சமாதானம் மாதிரி இருக்குன்னு பதில் வந்திருச்சு. புஸ்தகத்துக்கு வெளியில எதையும் நடத்தக் கூடாதுன்னு விதி வேற இருக்கு."

"என் பேரைச் சொல்லு. எல்லாம் நான் எழுதினது."

"சொல்ல மாட்டேன். எட்டாவது படிச்ச அக்காகிட்ட கணக்கு வாங்கியா நடத்தினேன்னு உன்னையில்ல இளக்காரமா பேசுவாங்க. நீ இதுல தலையிடாத."

மறுநாள் காலை செந்தாமரை சம்பா நடவுக்காக ஆறு மா வயலை அளக்கப் போனாள். மூன்று தடவை கோல் போட்டும் மூன்று கணக்கு வந்தது. நாற்று முடிகளை எடுத்து வீசிக்கொண்டிருந்த வேம்பு நிமிர்ந்து பார்த்தாள். வேம்பு அவளைவிட ஆறு வயது மூத்தவள். நடவில் கையும் வாயும் ஒரே வேகம்.

"ஏன் தாமரை, வயலு என்ன ஓடியா போவப்போவுது? எத்தன தடவைதான் கோலப் போடுவே?"

செந்தாமரை வரப்பில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். வேம்பு சேற்றில் நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

"குழின்னு ஒரு வார்த்த எழுதறதுக்கு ஒனக்குப் பேனாவுல மை தீந்துபோச்சா?"

"நம்ம ஊர்ல எவ எழுதறா?"

"நம்ம ஊருக்கா எழுதின நீ?"

வேம்பு கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"சரி, மூஞ்ச தூக்கி வெச்சுக்காத. தஞ்சாவூர்ல தானே அந்த ஆபீசு? நோட்டை எடுத்துக்கிட்டு நேரா போ. நீதான் தும்முனாகூட தேதி போடுற ஆளாச்சே. பரிச்சைக்கு ஒரு மாசம் முந்தி எழுதின கணக்குன்னு அதுலயே தெரியுதுல்ல?"

"போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"அவ அங்கேருந்து சொல்லுவா. டிக்கெட்டு போட்டு அனுப்பிட்டாங்கன்னா வந்து நிக்கப் போறது ஒன் வாசல்லதான்."

இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, செந்தாமரை அம்மாவிடம்கூட முழுக்கச் சொல்லாமல் முதல் பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். பையில் சிவப்பு நோட்டு, பன்னிரண்டு அடி கயிறு ஒன்று. கோல் பஸ்ஸுக்குள் போகாது. மாயவரத்தில் இறங்கியதும் நின்றுவிட்டாள். தங்கச்சி இவள் பெயரைச் சொல்லாமல் மறைத்ததை இவள் போய் உடைத்தால், விதியை மீறினாள் என்பது உறுதியாகிவிடாதா? போகாமல் இருந்தால் பிள்ளைகளுக்கு விடை சொல்லிக்கொடுத்தவள் என்ற பெயர் நின்றுவிடும். கும்பகோணம் பஸ் ஒன்று வந்து, நின்று, அவளை விட்டுவிட்டுப் போயிற்று. அடுத்ததில் ஏறினாள்.

தஞ்சாவூர் மானம்புச்சாவடியில் ஒரு மாடிப் படியேறிச் சங்கத்தின் ஆபீசுக்குள் போனபோது மணி பதினொன்றரை. சங்கத்தின் கல்விப் பொறுப்பைப் பார்ப்பவர் சௌந்தரநாயகி என்ற ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அறுபத்தாறு வயது. தஞ்சாவூர் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். மேஜைமேல் ஏழு தாள்களும் அச்செடுத்து நாடா கட்டி இருந்தன.

"வாங்க. யாரைப் பாக்கணும்?"

"சுடர்விழியோட அக்கா நாங்க. சீர்காழிப் பக்கம், மேலத்திட்டு."

"அவங்க அனுப்பிச்சாங்களா?"

"இல்லீங்க டீச்சர். தெரிஞ்சா சண்டைக்கு வரும்."

சௌந்தரநாயகி கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "பேசிப் பிரயோஜனம் இல்லைம்மா. இதைப் பாருங்க. முப்பத்தாறையும் நாப்பத்தெட்டையும் பெருக்கினா பன்னெண்டு எப்படி வரும்? முதல்ல கழிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். ரெண்டாவது கணக்கு அறுபதும் இருபத்துநாலும். அதுக்குப் பத்துன்னு எழுதியிருக்காங்க. கூட்டினாலும் வரல, கழிச்சாலும் வரல. எங்கேருந்து வந்துச்சு? ஏழு பேருக்கும் ஒரே கனவா வந்திருக்கும்?"

"அஞ்சு கோலு, ரெண்டு கோலு. ஐரெண்டு பத்துங்க."

"என்ன கோலு?"

செந்தாமரை கயிற்றை எடுத்தாள். "இந்த ரூமு எவ்வளவு நீளம் இருக்குங்க?"

"இருபத்துநாலுக்குப் பதினெட்டு. எதுக்கு?"

செந்தாமரை கயிற்றைத் தரையில் போட்டு அளந்தாள். நீளத்துக்கு இரண்டு கயிறு. அகலத்துக்கு ஒன்றரை. நாற்காலி ஒன்றை நகர்த்தச் சொல்லி, தயங்கி, தானே நகர்த்தினாள். "மூணுங்க. மூணு குழி. ஒரு குழிக்கு நூத்து நாப்பத்துநாலு சதுர அடி. நீங்க பெருக்கிப் பாருங்க டீச்சர்."

சௌந்தரநாயகி ஒரு காகிதத்தின் ஓரத்தில் இரண்டு விதமாகவும் பெருக்கினார். இரண்டிலும் நானூற்று முப்பத்திரண்டு வந்தது. பிறகு முதல் தாளை இழுத்து, பன்னிரண்டை நூற்று நாற்பத்துநாலால் பெருக்கினார். அடுத்த தாள். அதற்கடுத்தது. ஏழு தாள்களுக்கும் ஆறு கேள்விகளுக்கும் போட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. செந்தாமரை நின்றுகொண்டே இருந்தாள்.

"கணக்கு தப்பில்லை," என்றார் கடைசியில். "இதை யார் சொல்லிக் குடுத்தது?"

செந்தாமரை நோட்டை நீட்டினாள். சௌந்தரநாயகி ஒவ்வொரு மூலையிலும் இருந்த தேதிகளை விரலால் தொட்டுக்கொண்டே புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி வாய்விட்டுப் படித்தார். "வேம்பு ஒரு நாளில் இருபது நடுவாள். பேசிக்கொண்டே நட்டால் பதினைந்து. ஐந்து நாளில் மூன்று நாள் பேசினால் மொத்தம் எவ்வளவு?" நிமிர்ந்தார். "இருபது என்ன?"

"குழிங்க."

"எழுதலையே."

"வேம்புவைக் கேட்டா தெரியும்ங்க."

அந்த அம்மாவின் உதடு லேசாக இழுபட்டது. ஆனால் நோட்டை மூடியபோது முகம் பழையபடி ஆகிவிட்டது.

"பாத்து எழுதினாங்கன்னு நான் சொன்னதை வாங்கிக்கறேன். இன்னிக்கே எழுதி அனுப்பிடறேன். ஆனா மார்க் போட முடியாது. இந்தப் பிள்ளைங்க நாளைக்கு வேற பரீட்சை எழுதப் போவாங்க. தாள் திருத்தறவர் சீர்காழிக்காரரா இருப்பாரா?"

"இருக்க மாட்டாருங்க."

"அடுத்த மாசம் ஏழாம் தேதி மறுபடி ஒரு பரீட்சை வெக்கறேன். கேள்வி நான் எழுதுவேன். அதுவரைக்கும் நீங்க ஒரு கணக்குகூட அனுப்பக் கூடாது. இவ்வளவு நேரத்துல உங்க தங்கச்சி தப்புத்தண்டா பண்ணலைன்னு தெரிஞ்சுபோச்சு. நல்லா நடத்துவாங்களான்னு இன்னும் தெரியல. கணக்கு உங்களோடது. அவங்களோடது எது?"

செந்தாமரைக்கு வாயில் நிறைய வந்தது. அடக்கிக்கொண்டு, "சரிங்க டீச்சர்," என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேள்வி முள் மாதிரி இருந்தது. பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம் எழுதியது செந்தாமரை. பாஸ்போர்ட் ஆபீசில் வாதாடியது செந்தாமரை. கணக்கும் அவளுடையதே. அய்யம்பேட்டை தாண்டும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பாட்டு மட்டும் அவளுடையது இல்லை. ஊர் சர்ச்சில் இருந்த பழைய கீபோர்டில் நாலு கட்டை ஊமை. ஒரு பாட்டு அந்தக் கட்டைமேல் வந்து விழுந்தால், சுடர்விழி பாட்டையே மேலோ கீழோ நகர்த்தி வேறு சுருதியில் வாசித்துவிடுவாள். பதினாலு வயதிலேயே அது வந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த செந்தாமரைக்குப் பாட்டு நகர்ந்ததுகூடத் தெரியாது. பாஸ்டர்தான் பிறகு சொல்வார். ஆனால் பாட்டை வைத்துக்கொண்டு கணக்குப் பரீட்சையில் என்ன செய்வது?

அன்று சாயங்காலமே தங்கச்சிக்குப் போன் செய்து போய் வந்ததைச் சொன்னாள்.

"உன்ன யாரு போவச் சொன்னா?" என்றாள் சுடர்விழி. அப்புறம், "ஏழாம் தேதியா?" என்று கேட்டாள். அதோடு வைத்துவிட்டாள்.

மூன்று நாள் ஒரு செய்தியும் இல்லை. செந்தாமரை நாற்றைப் பிடித்த கையோடு நின்றுவிடுவாள். இரண்டு கொத்து நடவேண்டிய இடத்தில் நாலு கொத்து நட்டாள். "நீ நடறத பாத்தா நெல்லு மொளைக்காது, காடு மொளைக்கும்," என்றாள் வேம்பு. வீட்டில் அம்மா ரெத்தினம், "சின்னவ பேசினாளா?" என்று கேட்கும்போதெல்லாம் "அங்க கரண்டு இல்லியாம்" என்று ஒரே பொய்யைச் சொன்னாள். மூன்றாம் நாள் அம்மா, "மூணு நாளாவா?" என்றாள்.

நாலாம் நாள் வாட்ஸாப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. பேச்சே இல்லை. கீபோர்டும் ஏழு பிள்ளைகளின் பாட்டும். ஒரு வரியைப் பாடி நிறுத்தினார்கள். அதே வரியை உயரத்தில் பாடினார்கள். மறுபடி நிறுத்தி, தணிவாகப் பாடினார்கள். செந்தாமரை அதைப் பத்துத் தடவை கேட்டாள். பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது பாட்டு நடத்திக்கொண்டிருக்கிறாளே என்று கவலை இன்னும் ஏறியது. கேட்டு எழுதலாம் என்று விரலை வைத்தாள். ஒரு வார்த்தை எழுதினாலும் உதவி செய்ததாக ஆகுமோ என்று எடுத்துவிட்டாள்.

அக்டோபர் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, நடவு வயலில் இருந்தபோது தங்கச்சியின் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் சின்னக் குரல்.

"பெரிய மிஸ்ஸா? நான் பூமிகா. மிஸ் வெளியில துணி காயப்போடறாங்க. எனக்கு ஒரே ஒரு கணக்கு குடுங்களேன். கஷ்டமா."

செந்தாமரையிடம் அந்த நிமிஷம் இரண்டு கணக்கு தயாராக இருந்தது. ஓடை நடுவில் போகும் வயல் ஒன்று, மூலை வெட்டின வயல் ஒன்று. தொண்டைவரை வந்துவிட்டது.

"கேக்கல கண்ணு," என்றாள். "இங்க சிக்னல் இல்ல."

"எனக்கு நல்லாக் கேக்குதே."

"எனக்குக் கேக்கல," என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டு, வெகு நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். வேலைக்கு இருந்த பெண்களில் யாரும் அன்று அவளைக் கிண்டல் செய்யவில்லை.

ஏழாம் தேதி பரீட்சை நடக்கும் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிப் பார்த்தாள். அங்கே ஒன்பது என்றால் இங்கே பதினொன்றரை. பதினொன்றரைக்கு வரப்பில் நின்று ஜெபம் செய்தாள். ஒன்றரைக்குப் பரீட்சை முடிந்திருக்கும். சாயங்காலம் வரை போன் வரவில்லை. மறுநாள் மதியம்தான் வந்தது.

"அக்கா, தாள் நேத்தே போயிருச்சு. என்னா மார்க்குன்னு தெரியாது. ஆனா எப்படி நடத்தினேன்னு இப்ப சொல்லலாம்ல?"

"சொல்லு."

"குழிய மறந்துடுங்கன்னு சொல்லிப் பாத்தேன். புள்ளைங்களுக்கு அழுகை வந்திருச்சு. எங்க முற்றம் மூணுதான், நாங்களே அளந்தோம்னு நிக்குதுங்க. அப்புறம் பாட்டு நேரத்துல ஒரே வரிய மூணு சுருதியில பாட வெச்சேன். பாட்டு மாறிச்சான்னு கேட்டேன். மாறல, கட்டைதான் மாறிச்சுன்னாங்க. அதேதான், நெலம் மாறாது, குழி ஒரு சுருதி, சதுர அடி ஒரு சுருதி, சதுர மீட்டர் ஒரு சுருதின்னேன். முற்றத்தை மூணுலயும் அளந்தோம். இந்தப் பூமிகா எழுந்து ஒண்ணு கேட்டா பாரு. 'மிஸ், என்ன சுருதின்னு சொல்லாம நான் பாட ஆரம்பிச்சா மத்தவங்க எப்படிச் சேந்து பாடுவாங்க?' நான் அங்கேயே புடிச்சுக்கிட்டேன். விடை எழுதினா பக்கத்துல சுருதி எழுதணும். எழுதலன்னா பாதிப் பாட்டுதான்."

இந்த வழி செந்தாமரைக்கு ஒரு நாளும் தோன்றியிருக்காது. நோட்டு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

"தப்பா அக்கா? பாட்டையும் கணக்கையும் கொழப்பிட்டேன்னு சொல்லிடுவாங்களோ?"

"எனக்குத் தெரியாதுடி," என்றாள் செந்தாமரை. அவள் வாழ்க்கையில் தங்கச்சியிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை ஒன்றும் வரவில்லை. அன்று முழுக்க வானம் மூடிக் கிடந்தது. வேம்பு வாய் திறக்காமல் நட்டாள். "ஒன் கணக்குப்படி எனக்கு இன்னிக்கு இருபது," என்றாள் கரையேறும்போது. "குழின்னு சேத்து எழுதிக்க."

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு இடுப்பில் செருகியிருந்த போன் இரண்டு தடவை அதிர்ந்தது. செந்தாமரை வாய்க்காலில் இறங்கி இரண்டு கையையும் முழங்கை வரை கழுவி, முந்தானையில் துடைத்து, வரப்பில் ஏறி நின்று திறந்தாள். முதலில் சௌந்தரநாயகி அம்மா சுடர்விழிக்கு அனுப்பியிருந்த கடிதத்தின் படம். நாலே வரி. ஏழு பேரும் பரப்பளவுக் கேள்விகளில் தேறிவிட்டார்கள். ஐந்து பேருக்கு முழு மதிப்பெண். இரண்டு பேர் பெருக்கலில் சறுக்கியிருந்தாலும், விடைக்குப் பக்கத்தில் அலகு எழுதாதவர் ஒருவர்கூட இல்லை. மூன்று வருடத்துக்கு நியமனம். இந்தப் பருவத்தின் அட்டைகளில் ஆசிரியையே கையெழுத்திட வேண்டும்.

"என்னடி? படிச்சுச் சொல்லித் தொலையேன்," என்றாள் வேம்பு. பதினான்கு பேரும் குனிந்த நடவிலிருந்து நிமிர்ந்து நின்றார்கள். "திரும்பி வரா போலயா, இருக்கா போலயா?"

"இருக்கா," என்றாள் செந்தாமரை.

இரண்டாவது படத்தை விரலால் பெரிதாக்கினாள். பூமிகாவின் மதிப்பெண் அட்டை. தமிழ், ஆங்கிலம், கணிதம், இசை. கீழே, நிலையப் பொறுப்பாளருக்கு ஒரு கட்டம். அதற்குப் பக்கத்தில், இதுவரை கோடு இழுத்து விடப்பட்டிருந்த இன்னொரு கட்டம். அதில் நீல மையில், சாயாமல், ஒவ்வோர் எழுத்தும் முழுதாக, த. சுடர்விழி, ஆசிரியை. அடியில் தேதி: 10.10.2024.